பூனை போச்சு, பூச்சி போவலியே டாக்டரு!

1/
வீட்டில் பூனை வளர்ப்பவர்கள், பூனையே பிடிக்காதவர்கள், மொட்டை மாடியில் யாரோ வீட்டுப் பூனை குட்டி போட்டுவிட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்கள், மூன்று தரப்புக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க. கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கு.

2/
முதலில் ஒன்றைச் சொல்லிடுறேன். நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்குற எம்பிபிஎஸ் டாக்டர். வடசென்னையில் அரசு மருத்துவமனைப் பணி. கால்நடை மருத்துவர் இல்லை. பூனைக்கு எந்த மருந்து, எவ்வளவு அளவு என்பதில் அவங்க சொல்றதுதான் இறுதி. ஆனா ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மீன் இருக்குற இடத்துல எல்லாம் பூனை இருக்கு. அதனால பூனை வயித்துப் பூச்சி பத்தின கேள்வி என் ஓபிக்கும் அடிக்கடி வருது.

3/
சில வருஷம் முன்னாடி நடந்தது. அப்ப நான் வேலைக்குப் புதுசு. 6 வயசுப் பெண் குழந்தையை அம்மாவும் ஆயாவும் கூட்டிட்டு வந்தாங்க. ராத்திரி ஆனா பின்பக்கம் சொறிஞ்சுக்கிட்டே இருக்கு, தூக்கமே இல்ல. "வீட்ல பூனை இருக்காம்மா?" என்று கேட்டேன். இருக்குன்னாங்க. "முதல்ல அதை வெளிய அனுப்புங்க" என்று சொல்லி, குழந்தைக்கு ஒரு பூச்சி மாத்திரை எழுதிக் குடுத்தேன். பின்னாடி வரிசை வாசல் வரைக்கும் நின்னுது. ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டேன்.

4/
ஒன்றரை மாசம் கழிச்சு திரும்ப வந்தாங்க. அதே அரிப்பு. பூனையை அன்னைக்கே கோணிப்பையில் போட்டு மீன்பிடித் துறைமுகத்துல விட்டுட்டாங்களாம். குழந்தை ஒரு வாரம் சரியா சாப்பிடலையாம். ஆயா என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "பூனை போச்சு, பூச்சி போவலியே டாக்டரு?"

எனக்கு வாயில் பதில் வரல.

5/
ஏன்னா தப்பு என்னோடது. அந்தக் குழந்தைக்கு இருந்தது கீரிப்பூச்சி. வெள்ளை நூல் மாதிரி, சின்னதா இருக்கும். ராத்திரியில் ஆசனவாய் ஓரம் வந்து முட்டை போடும், அதனாலதான் அரிப்பு. சொறியுற விரல், நகம், பெட்ஷீட், தலையணை வழியா வீட்ல ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்குப் பரவும். இது மனுஷனுக்கு மட்டுமே வர்ற புழு. பூனைக்கு வராது. பூனையால பரவாது.

6/
அதுக்குச் செய்ய வேண்டியது வேற. வீட்ல உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் மாத்திரை, 2 வாரம் கழிச்சு இன்னொரு தடவை (கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது). நகத்தை ஒட்ட வெட்டணும். காலையில் எழுந்ததும் கழுவி, ஜட்டி மாத்தணும். பெட்ஷீட்டை சுடுதண்ணியில் துவைக்கணும். இதை எதுவும் சொல்லாம ஒரு குழந்தைக்கு மட்டும் ஒரே ஒரு மாத்திரை குடுத்துட்டு, பழியைப் பூனை மேல போட்டு அனுப்பினவன் நான்.

7/
இன்னொன்றும் தெரிஞ்சுக்கங்க. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசிய குடற்புழு நீக்க நாள். 2015ல் ஆரம்பிச்சது. 1 முதல் 19 வயசு வரைக்கும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமா தர்றாங்க. 2 வயசுக்கு மேல 400 மில்லிகிராம் முழு மாத்திரை, 1 முதல் 2 வயசுக்குள் பாதி. அந்த மாத்திரையின் குறி நாக்குப்பூச்சி, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. இந்த மூணும் நம்ம குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மனுஷக் கழிவு கலந்த மண்ணு, தண்ணி, கழுவாத கை, வெறுங்கால் வழியாத்தான் வருது. இதுக்கும் பூனையைக் கைகாட்ட முடியாது.

8/
"அப்போ பூனையால ஒண்ணுமே வராதுல்ல டாக்டர்?" என்று பூனைப் பிரியர்கள் சந்தோஷப்பட வேண்டாம். வரும். குறைவாத்தான் வரும், ஆனா வந்தா சில சமயம் பெருசா வரும். மூணே மூணு புழுக்களைத் தெரிஞ்சுக்கிட்டா போதும்.

9/
முதலாவது, பூனையின் உருண்டைப் புழு. பேர் டாக்சோகாரா கேட்டி. குட்டிகளுக்குத் தாய்ப்பாலிலேயே வந்துடும். அதனால "இது வெளிய போகாத பூனை, இதுக்கு எப்படி வரும்?" என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறந்த குட்டி எல்லாவற்றுக்கும் இருக்கும்னு வெச்சுக்கிட்டே வைத்தியம் ஆரம்பிக்கிறதுதான் வழக்கம்.

அடையாளம்: உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பானை மாதிரி. ரோமம் பளபளப்பு இல்லாம சிலுப்பிக்கிட்டு நிக்கும். வாந்தியிலோ மலத்திலோ இடியாப்பம் நூல் மாதிரி நீளமா, சுருண்ட புழு வரும். சில குட்டிக்கு இருமல்கூட இருக்கும், புழுவின் இளம் பருவம் நுரையீரல் வழியாப் போறதால.

10/
இரண்டாவது, நாடாப்புழு. பூனையின் வால் அடியில், படுக்கிற துணியில் வெள்ளரி விதை, இல்ல அரிசி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும். புதுசா இருந்தா நெளியும். காய்ஞ்சா எள்ளு மாதிரி ஆயிடும். இது தெள்ளுப்பூச்சி மூலமா வருது. பூனை ரோமத்துக்குள்ள குதிச்சு ஓடுமே, அது. பூனை உடம்பை நக்கும்போது தெள்ளை முழுங்கும், அதுக்குள்ள இருக்குற நாடாப்புழு வயித்துல வளரும். புழு மாத்திரை மட்டும் குடுத்து தெள்ளை விட்டா, அடுத்த மாசமே அரிசி திரும்ப வரும்.

11/
நாடாப்புழுவில் எலி மூலமா வர்ற வகையும் இருக்கு. நம்ம பக்கம் பல வீட்ல பூனை வளர்க்குறதே வலையைக் கடிக்கிற எலிக்காகத்தான். அதுக்கு சம்பளமா பூனை வாங்குறது இந்தப் புழு. எலி பிடிக்கிற பூனைக்கு ஒரு தடவை மாத்திரை குடுத்து "முடிஞ்சது" என்று இருக்க முடியாது.

12/
மூன்றாவது, கொக்கிப்புழு. குடலைக் கடிச்சு ரத்தம் உறிஞ்சும். கண்ணுக்கு லேசில் தெரியாது. பூனையின் ஈறு, உள்வாய் வெளுத்துப் போகும். மலம் தார் மாதிரி கருப்பா வரும். சோர்ந்து படுத்தே கிடக்கும். குட்டியா இருந்தா ரத்தசோகையிலேயே செத்துப் போகலாம். வாயைத் திறந்து பார்த்து ஈறு வெள்ளையா இருந்தா நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க.

13/
ஒரு முக்கியமான விஷயம். நல்லா வளர்ந்த பூனைக்கு இந்த மூணுமே எந்த அறிகுறியும் இல்லாம இருக்கலாம். "என் பூனை கொழுகொழுன்னு இருக்கு டாக்டர்" என்பது பரிசோதனை ரிசல்ட் இல்லை.

14/
இனி நமக்கு வருவோம். டாக்சோகாரா முட்டை பூனை மலத்தில் வெளிய வந்த அன்னைக்கே நம்மைத் தொற்றாது. மண்ணில் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்து உள்ளே குஞ்சு வளர்ந்த பிறகுதான் தொற்றும். அப்புறம் அந்த மண்ணில் மாசக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட உயிரோட கிடக்கும். அதனால பூனையை மடியில் வெச்சுக் கொஞ்சுறதைவிட, பூனை போய் வந்த மண்ணில் விளையாடிட்டு கை கழுவாம சாப்பிடுறதுதான் ஆபத்து.

15/
நம்ம தெருவில் அந்த மண்ணு எங்க இருக்கு? வீடு கட்ட கொட்டி வெச்ச மணல் குவியல். பகல் முழுக்க பிள்ளைங்க அதுலதான் வீடு கட்டி விளையாடும். ராத்திரி பூனைங்க வரும். அந்தக் குவியல் மேல ஒரு தார்ப்பாய் மூடினா போதும். மேஸ்திரிகிட்ட சொல்லுங்க. பைசா செலவில்லாத நோய்த்தடுப்பு இது.

16/
மண்ணு திங்கிற குழந்தைக்குத்தான் ரிஸ்க் அதிகம். மண்ணு திங்கிற பழக்கம் இருந்தா அடிக்காதீங்க. பல சமயம் அது ரத்தசோகையோட, இரும்புச்சத்துக் குறைவோட சேர்ந்தே இருக்கும். கூட்டிட்டு வாங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம்.

17/
முட்டை உள்ளே போனா என்ன ஆகும்? மனுஷ உடம்பு அந்தப் புழுவுக்குச் சொந்த வீடு இல்லை. அது பெரிய புழுவா வளராது. குஞ்சாவே ஈரல், நுரையீரல் என்று வழி தெரியாம சுத்தும். 1952ல் பால் பீவர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினாங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் தெரியாமலே போயிடும். சிலருக்கு விடாத காய்ச்சல், இருமல், வீசிங், ஈரல் வீக்கம், ரத்தத்தில் ஈசினோபில் எக்கச்சக்கமா ஏறுவது என்று வரும்.

18/
இங்கதான் பலர் ஏமாறுறாங்க. புழு குடலில் வளராததால குழந்தையின் மலப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. "மோஷன் டெஸ்ட் நார்மல்" என்பதை வெச்சு இது இல்லைன்னு சொல்ல முடியாது. பள்ளியில் தர்ற ஒரு மாத்திரையும் இதுக்குப் பத்தாது. டாக்டர் பார்த்து, தேவைப்பட்டா சில நாள் தொடர்ந்து மருந்து குடுக்கணும். அதே சமயம், ஈசினோபில் ஏறினதும் பூனைன்னு முடிவு கட்டிடாதீங்க. ஆஸ்துமா, யானைக்கால் கிருமி உட்பட அதுக்கு வேற காரணங்களும் உண்டு.

19/
அரிதா அந்தக் குஞ்சு கண்ணுக்குள்ள போகும். பெரும்பாலும் ஒரே கண்ணில். குழந்தைக்கு ஒரு கண்ணு மாறுகண் ஆவது, போட்டோவில் ஒரு கண்ணு மட்டும் வெள்ளையாத் தெரிவது, ஒரு கண்ணை மூடினா தடுமாறுவது. இதில் எது இருந்தாலும் காரணம் புழுவா வேற எதுவான்னு வீட்ல உட்கார்ந்து யோசிக்காதீங்க. கண் புற்றுநோயும் இப்படித்தான் தெரியும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கு. அன்னைக்கே போங்க.

20/
கொக்கிப்புழு தோல் வழியா வரும். கடற்கரை மணலில் உட்கார்ந்து வலை பின்னுற ஒரு அண்ணன் வந்தார். கால் ஓரத்தில் சிவப்பா, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு. "தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகருது டாக்டர், ராத்திரி நமைச்சல் தாங்கல" என்றார். செய்வினை என்று யாரோ சொல்லி கயிறு வேற கட்டியிருந்தார். நாய், பூனையின் கொக்கிப்புழுக் குஞ்சு அது. தோலுக்கு அடியில் மாட்டிக்கிட்டு வழி தேடுது. மாத்திரையில் சரியாயிடுச்சு. ஈர மணலில் செருப்பில்லாம, வெறும் உடம்பா உட்காராதீங்க. கீழ ஒரு பாயோ சாக்கோ போட்டுக்கங்க.

21/
கொக்கிப்புழுவில் ஒரு வகைக்கு நம்ம பக்கத்து நாட்டுப் பேரே இருக்கு, ஆன்கைலோஸ்டோமா சிலானிகம். 1911ல் இலங்கையில் புனுகுப்பூனையிடம் கண்டுபிடிச்சதால அந்தப் பேர். நாய், பூனையிடம் இருக்குற இது மனுஷக் குடலிலும் முழுசா வளரும். 2016ல் வெளியான வேலூர் சிஎம்சி ஆய்வில், ஜவ்வாது மலை ஊர்களில் மனுஷங்க, நாய்கள், மண் மூணையும் சேர்த்துப் பார்த்தாங்க. நாய்களிலும் மண்ணிலும் இந்த வகை இருந்தது. மனுஷன், மிருகம், மண்ணு மூணையும் தனித்தனியாப் பார்த்தா பாதிதான் தெரியும் என்பதற்காகச் சொல்றேன்.

22/
சரி, வைத்தியம். குட்டிக்கு 3 வாரத்தில் ஆரம்பிச்சு 2 வாரத்துக்கு ஒரு தடவை, பால் மறந்து 2 வாரம் ஆகுற வரைக்கும். அப்புறம் 6 மாசம் வரை மாசம் ஒரு தடவை. தாய்ப்பூனைக்கும் குட்டிகளோட சேர்த்தே. பெரிய பூனைக்கு 3 மாசத்துக்கு ஒரு தடவை, வருஷம் 4 தடவை. எலி பிடிக்கிற, ஊர் சுத்துற பூனைக்கு இன்னும் அடிக்கடி வேணுமான்னு கால்நடை மருத்துவர் சொல்வார்.

23/
மருந்து எடைக்கு ஏத்த மாதிரி. வீட்டு எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கிட்டு நில்லுங்க, அப்புறம் தனியா நில்லுங்க, கழிச்சுக்கங்க. அந்த எடையைச் சொல்லிக் கேளுங்க. பூனைக்கான மாத்திரையில் பெரும்பாலும் பைரான்டெலும் பிராசிகுவான்டெலும் சேர்ந்திருக்கும். முதலாவது உருண்டைப் புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும், இரண்டாவது நாடாப்புழுவுக்கு. முள் எடுத்த வெந்த மீன் துண்டுக்குள் வெச்சு, பசியோட இருக்கும்போது குடுங்க. ஒரு கிலோ சங்கரா வாங்குற காசுக்குள்ள வேலை முடிஞ்சிடும். மறுநாள் மலத்தில் செத்த புழு வந்தா பயப்படாதீங்க, மருந்து வேலை செஞ்சிருக்கு.

24/
செய்யவே கூடாதவை:

• பள்ளியில் குழந்தைக்குக் குடுத்த அல்பெண்டசோலை உடைச்சுப் பூனைக்குப் போடாதீங்க. பூனையின் எலும்பு மஜ்ஜையைப் பாதிச்சு ரத்த அணுக்கள் குறையலாம்.
• பூனை சோர்வா இருக்குன்னு பாரசிட்டமால் குடுக்கவே குடுக்காதீங்க. நமக்கு சாதாரண மாத்திரை, பூனைக்கு விஷம். பாதி மாத்திரையிலேயே செத்துப் போகலாம்.
• நாய்க்கு வாங்கின தெள்ளு மருந்தைப் பூனைக்குத் தடவாதீங்க. அதுல பெர்மெத்ரின் இருந்தா பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகும்.
• வேப்பெண்ணெய், பூண்டுச்சாறு வைத்தியம் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் பூனை ரத்தத்தைக் கெடுக்கும்.

25/
மாத்திரையைத் திணிக்கும்போது பூனை கடிச்சாலோ பிராண்டினாலோ, உடனே குழாய்த் தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்காதீங்க. அன்னைக்கே அரசு மருத்துவமனைக்கு வாங்க. வெறிநாய்க்கடி ஊசி இலவசம். ரேபிஸ் பூனை மூலமாவும் வரும். "வீட்டுப் பூனைதானே" என்று இருந்துடாதீங்க.

26/
பூனை மலத்தைத் தினமும் எடுங்க. காகிதத்தில் மடிச்சு, கவரில் கட்டி, குப்பை வண்டியில். கால்வாயிலோ பக்கத்து வீட்டு மண்ணிலோ வேண்டாம். டாக்சோகாரா முட்டையை பிளீச்சிங் பவுடர் கொல்லாது. தினமும் அள்ளுறதும், தட்டைக் கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவுறதும்தான் வழி.

கர்ப்பிணி இருக்குற வீட்ல இந்த வேலையை வேற யாராவது செய்யுங்க. அங்க பயம் டாக்சோபிளாஸ்மா. அது புழு இல்லை, வேற கிருமி. அதுவும் மலத்தில் வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் என்பதால தினமும் அள்ளுனா பெருமளவு தடுக்கலாம். அரைவேக்காட்டுக் கறி வழியாவும் அது வரும். பூனையை விரட்டிட்டு அரைவேக்காட்டுக் கறி சாப்பிட்டா என்ன பிரயோஜனம்?

27/
இப்ப என் கருத்து. பூனையைத் துறைமுகத்தில் கொண்டு விடுறது நோய்த்தடுப்பு இல்லை. வீட்ல இருந்தா அந்தப் பூனைக்கு வருஷம் 4 தடவை மாத்திரை குடுக்க ஒரு ஆள் இருக்கு. துறைமுகத்தில் யாரும் இல்லை. வைத்தியம் பண்ணக்கூடிய புழுவை, வைத்தியமே பண்ண முடியாத இடத்துக்கு அனுப்புறோம். அதே கடற்கரையில்தான் நம்ம அண்ணன் தம்பிங்க உட்கார்ந்து வலை பின்னுறாங்க. பட்டினி கிடந்து சாகும்னு தெரிஞ்சும் கைவிடுறது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

28/
என்னை மாதிரி டாக்டர்களுக்கு: "வீட்ல பூனை இருக்கா?" என்று கட்டாயம் கேளுங்க. இருக்குன்னா அடுத்த வார்த்தை "விரட்டுங்க" என்று வர வேண்டாம். "அதுக்குப் பூச்சி மருந்து குடுத்தீங்களா?" என்று வரட்டும். ரெண்டையும் சொல்ல ஆகுற நேரம் ஒண்ணுதான்.

29/
அரசுக்கு என் கோரிக்கை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஏற்கெனவே மக்களுக்குப் பழகின தேதி. அந்த வாரத்தில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களில் கால்நடைத் துறை ஒரு மேசை, ஒரு எடை மெஷின், ஒரு டாக்டர் போட்டா போதும். குழந்தைக்கு அங்கன்வாடியில், பூனைக்கும் நாய்க்கும் அதே தெருவில். வேப்பேரியில் 1903ல் தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு, நல்லா பார்க்குறாங்க. ஆனா எண்ணூரில் இருந்து ஒரு கூடையில் நாலு குட்டியைத் தூக்கிக்கிட்டு ஒரு நாள் கூலியை விட்டுட்டு வேப்பேரி போக எத்தனை பேரால முடியும்?

30/
அது நடக்கிற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது: காலண்டரில் நாலு தேதி குறிச்சுக்கங்க. பிப்ரவரி 10, மே 10, ஆகஸ்ட் 10, நவம்பர் 10. பிள்ளைங்களுக்கு அதுல ரெண்டு தேதியில் பள்ளியில் மாத்திரை. பூனைக்கு நாலு தேதியிலும். பிள்ளை மாத்திரை பிள்ளைக்கு, பூனை மாத்திரை பூனைக்கு. மாத்திடாதீங்க.

31/
அந்தக் குழந்தைக்கு ரெண்டாவது தடவை குடும்பத்தோட வைத்தியம் பண்ணி அரிப்பு நின்னுடுச்சு. பூனை திரும்பி வரல. அவங்க போய்த் தேடினாங்களாம், கிடைக்கல. போன வருஷம் ஆயா பிபி மாத்திரை வாங்க வந்தப்போ சொன்னாங்க, பேத்தி தெருவில் இருந்து ஒரு சாம்பல் குட்டியைத் தூக்கிட்டு வந்திருக்காளாம். "இத இன்னா பண்றது டாக்டரு?" என்றாங்க.

எடை பார்த்துட்டு வரச் சொன்னேன்.

நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இன்னைக்குக் கோணிப்பை தேடிக்கிட்டு இருக்கலாம். அவங்களுக்கு இதை அனுப்புங்க.